கடல் கடந்து வரும் சிறுதொகை

(திருவேங்கடத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



திருவேங்கடம் கரிசல் காட்டு ஊர். மழையை நம்பிய வெள்ளாமை ஒரு புறம். தீப்பெட்டித் தொழில் மறு புறம். தென்மேற்கே சங்கரன்கோவிலில் தறியோசை. இவற்றுக்கிடையே வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே ஓலைப்பெட்டி முடைவோரும், வயர்க்கூடை பின்னுவோரும், துணியில் பூவேலை செய்வோரும் உண்டு. முன்பு அவர்கள் கைப்பொருள் சந்தைக்கும் திருவிழாக் கடைக்கும் போயிற்று. இன்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்து அனுப்பினால், கனடாவிலோ ஜெர்மனியிலோ வாழும் ஒருவர் இதுபோல் ஒன்று வேண்டும் என்கிறார். பொருளை அனுப்புவது எப்படி என்பதைப் பலரும் கேட்டறிந்துவிடுகின்றனர். அதன் விலை எவ்வழியே வந்து சேரும், வரும் வழியில் எவ்வளவு கரையும் என்பதைக் கேட்போர் குறைவு. அந்த இரண்டாவது கேள்வியே இவ்வுரையின் பொருள்.

தென்பாண்டி நாட்டுக் கைவினை கடல் கடப்பது புதிதன்று. பத்தமடைக் கோரைப்பாய் 1953-இல் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழாவுக்குச் சென்றதை இப்பகுதியினர் இன்றும் பெருமையோடு சொல்வர். மணப்பாட்டு மகளிர் முடைந்த பனையோலைப் பொருள்களும் வெளிநாட்டு அங்காடிகளுக்குப் போயின. ஆனால் அவையெல்லாம் மொத்தமாகப் போனவை. பெட்டி பெட்டியாகச் சரக்கு போகும். விலையும் ஒரே தொகையாக வரும். அப்பெருந்தொகையில் வங்கி எடுத்துக்கொண்ட கூலி கண்ணில் படாது. இன்று நடப்பது ஒற்றைக் கூடை வாணிகம். ஒரு கூடை, ஒரு வாங்குபவர், 20 டாலர். இந்த 20 டாலர் கடலைக் கடப்பதற்கும் 20,000 டாலர் கடப்பதற்கும் வேலை ஏறத்தாழ ஒன்றே. ஆகவே கூலியும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்துவிடுகிறது. தொல்லை தொடங்குவது இங்கேதான்.

பணத்தைத் தொலைவிலிருந்து வரவழைப்பதற்குக் கூலி உண்டென்பதை வணிகக் குடும்பங்கள் நன்கு அறியும். பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலேயாவுக்கும் பிழைக்கப் போனோர் ஊருக்கு அனுப்பிய பணம், நகரத்தார் கடைகளின் உண்டியல் வழியாகவும் அஞ்சலகத்தின் மணியார்டர் வழியாகவும் வந்தது. அன்று ஒரு நாட்டு நாணயத்தை மற்றொரு நாட்டு நாணயமாக மாற்றும்போது விடப்படும் தள்ளுபடிக்கு 'வட்டம்' என்று பெயர். தரகு வேறு, வட்டம் வேறு. தரகு கேட்டு வாங்கப்படுவது. வட்டம் மாற்றுவிலைக்குள் ஒளிந்திருப்பது. இன்றைய கணினிவழிச் சேவைகளிலும் இவ்விரண்டும் அப்படியே உள்ளன. பெயர்தான் மாறியிருக்கிறது. 'கட்டணமே இல்லை' என்று விளம்பரம் செய்யும் சேவையைக் கண்டால், அதன் வட்டம் எவ்வளவு என்று பார்ப்பது நலம்.

முதலில் அண்மைக்கால வரலாறு ஒன்று. இன்றைய விதிகள் பலவும் அதிலிருந்தே பிறந்தன.

பேபால் என்னும் அமெரிக்கப் பணச்சேவை, இரண்டாயிரத்தின் முதற் பத்தாண்டில், இந்தியச் சிறு விற்பனையாளர்க்கும் வீட்டிலிருந்தே தொழில் செய்வோர்க்கும் ஏறத்தாழ ஒரே வாயிலாக இருந்தது. மின்னஞ்சல் முகவரி ஒன்றே போதும். எந்த நாட்டவரும் பணம் செலுத்தலாம். 2010 ஜனவரி இறுதியில் அந்நிறுவனம் இந்தியாவுக்கு வரும் தனிநபர்ப் பணத்தையும், பேபால் கணக்கிலிருந்து இந்திய வங்கிகளுக்குப் பணம் எடுப்பதையும் திடீரென நிறுத்தியது. வாணிகப் பணத்துக்கும் உறவினர் அனுப்பும் பணத்துக்கும் சட்டம் வெவ்வேறு. இரண்டும் ஒரே குழாயில் கலந்து வருவது பற்றி அரசின் தரப்பில் எழுந்த வினாக்களே இதற்குக் காரணம். பொருளை அனுப்பிவிட்டுப் பணத்துக்குக் காத்திருந்தோர் நிலை பரிதாபமாயிற்று. கணக்கில் தொகை தெரிகிறது, கைக்கு வரவில்லை. மார்ச் மாதத்தில் வங்கிக்கு எடுக்கும் வழி மீண்டும் திறந்தது. ஆனால் பணம் எதற்காக வந்தது என்னும் காரணக் குறியீட்டைத் தெரிவிக்க வேண்டும் என்பது அன்றுமுதல் நிபந்தனையாயிற்று.

அவ்வாண்டு நவம்பர் 16-இல் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விடுத்தது. இவ்வகைச் சேவைகளின் வழியே ஏற்றுமதி விலை பெறலாம். ஆனால் ஒரு தடவைக்கு 500 டாலருக்கு மேல் ஆகாது. வந்த பணத்தை அச்சேவையிலேயே வைத்துக்கொண்டு வேறு பொருள் வாங்கவும் ஆகாது. அது விற்பவரின் வங்கிக் கணக்கில் போய்ச் சேர்ந்தே தீரவேண்டும். 2011 மார்ச் முதல் நாளிலிருந்து பேபால் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அவ்வாண்டு அக்டோபரில் வரம்பு 3,000 டாலராகவும், 2013 ஜூனில் 10,000 டாலராகவும் உயர்ந்தது. 2023 அக்டோபர் 31-இல் ரிசர்வ் வங்கி முழு அமைப்பையும் புதுக்கியது. எல்லை கடந்த பணம் திரட்டும் நிறுவனங்கள் நேரடியாகத் தன் அனுமதியைப் பெற வேண்டும் என்றும், ஒரு பொருளின் விலை 25 லட்சம் ரூபாய் வரை இருக்கலாம் என்றும் விதித்தது. அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலை ரிசர்வ் வங்கியே தன் தளத்தில் வெளியிடுகிறது. புதிய சேவை ஒன்றில் கணக்குத் தொடங்கும் முன் அப்பட்டியலில் அதன் பெயரைத் தேடிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. 2010-இல் காத்திருந்தோர்க்கு அவ்வசதி இருக்கவில்லை.

இனிக் கணக்கு. எண்கள் எளிதாக நிற்பதற்காக ஒரு டாலர் 85 ரூபாய் எனக் கொள்க. திருவேங்கடத்தில் ஓலைக்கூடை முடையும் பெண்ணொருவர் ஒரு கூடையை 20 டாலருக்கு விற்கிறார். அவர் மனத்தில் இருப்பது 1,700 ரூபாய். வெளிநாட்டு வாணிகப் பணத்துக்குப் பேபால் இந்திய விற்பனையாளரிடம் பெற்றுவரும் அறிவிக்கப்பட்ட கட்டணம், தொகையில் 4.4 விழுக்காடும் அதன்மேல் 30 சென்ட் நிலைக்கட்டணமும் ஆகும். விகிதங்கள் மாறக்கூடியவை, ஆண்டுக்கொருமுறை சரிபார்த்துக்கொள்ளவேண்டும். 20 டாலரில் கட்டணம் 1 டாலர் 18 சென்ட். எஞ்சியது 18 டாலர் 82 சென்ட். அதை ரூபாயாக மாற்றும்போது 3 விழுக்காடு வட்டம் எனக் கொண்டால், வங்கிக்கு வந்து சேர்வது ஏறத்தாழ 1,552 ரூபாய். வழியில் கரைந்தது 148 ரூபாய். நூற்றுக்கு ஒன்பதை எட்டுகிறது.

அதே பெண் ஓலையால் செய்த சிறு கிலுகிலுப்பையை 5 டாலருக்கு விற்றால்? மனத்தில் 425 ரூபாய், வருவது 369. நூற்றுக்கு 13 போயிற்று. 100 டாலர் விற்பனையிலோ கரைவது எட்டுக்கும் குறைவு. பொருள் சிறியதாகச் சிறியதாகக் கூலியின் பங்கு பெரிதாகிறது. 30 சென்ட் என்னும் அந்த நிலைக்கட்டணத்தின் வேலை அது. உறவினர்க்கு அனுப்பும் பணத்தில் 200 டாலருக்கு ஆகும் செலவை உலக வங்கி தொடர்ந்து அளந்து வருகிறது. அதன் சராசரி 6 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. 2030-க்குள் அதை 3-க்குக் கீழே கொண்டுவருவது ஐக்கிய நாடுகள் அவையின் இலக்கு. உறவினர் பணத்துக்கு உலகமே இவ்வளவு கவலைப்படுகிறது. 5 டாலர் கிலுகிலுப்பைக்காகக் கவலைப்பட அவ்வாறு ஓர் அவை இல்லை.

பலரும் கவனியாத கூறு ஒன்று இக்கணக்கில் உண்டு. கூடை 20 டாலர், அஞ்சற்செலவு 15 டாலர், ஆக 35 டாலர் என்று வாங்குபவரிடம் பெறுகிறார் எனக் கொள்க. கட்டணமும் வட்டமும் 35 டாலர் முழுவதன் மேலும் விழும். அந்த 15 டாலர் விற்பவர் கையில் நில்லாது. நேரே அஞ்சலகத்துக்குப் போய்விடும். ஆயினும் அதற்குரிய கூலி ஏறத்தாழ 93 ரூபாய் அவர் கையிலிருந்தே போகிறது. அஞ்சலகத்தில் கட்டிய தொகையை அப்படியே வாங்குபவரிடம் கேட்பது நேர்மை என்று எண்ணி, இந்த 93 ரூபாயை ஒவ்வொரு பொதியிலும் இழப்போர் உண்டு. கேட்க வேண்டியது அஞ்சற்செலவும் அதன்மேல் விழும் கூலியும் சேர்ந்த தொகை. கூடையின் விலையிலும் அவ்வாறே. 20 டாலர் முழுமையாகக் கையில் நிற்கவேண்டுமாயின் விலைச்சீட்டில் 22 டாலர் என்று எழுதவேண்டும். வெளிநாட்டு வாங்குபவர்க்கு 20-க்கும் 22-க்கும் வேற்றுமை பெரிதன்று. முடைந்தவர்க்கு அது ஒரு நாள் காய்கறிச் செலவு.

எட்சி போன்ற இணையச் சந்தைகளில் கடை போடுவோர் இன்னொன்றையும் கூட்டிக்கொள்ளவேண்டும். எட்சி 2022 ஏப்ரல் முதல் விற்பனைத் தொகையில் 6.5 விழுக்காடு பெறுகிறது. பட்டியலில் ஒரு பொருளைச் சேர்க்க 20 சென்ட் தனி. இது பணம் வரும் கூலியன்று, கடை வாடகை. திருவிழாவில் கடை போட்டால் தரை வாடகை கொடுப்பதில்லையா? அதனோடு ஒப்பிட்டுப் பார்த்துக் கொள்ளலாம், விடலாம்.

வங்கியின் வழியே நேரடியாகப் பணம் பெறுவது பாதுகாப்பானது, ஆகவே சிறந்தது என்ற எண்ணம் மூத்தோரிடையே உண்டு. பாதுகாப்பு உண்மை. சிறுதொகைக்கு அது சிறந்ததா என்பது வேறு. ஸ்விஃப்ட் என்னும் வங்கிகளுக்கிடையிலான செய்தி அமைப்பின்படி பணம் புறப்படும்போது, அனுப்பும் வங்கிக்கும் பெறும் வங்கிக்கும் நடுவே ஒன்றோ இரண்டோ இடைநிலை வங்கிகள் நிற்பதுண்டு. ஒவ்வொன்றும் தன் கூலியைக் கழித்துக்கொண்டே அடுத்ததற்குத் தள்ளும். கூலியை யார் ஏற்பது என்பதற்கு மூன்று முறைகள் உண்டு: முழுவதையும் அனுப்புபவரே ஏற்பது, இருவரும் பகிர்வது, முழுவதையும் பெறுபவர் ஏற்பது. வாங்குபவர் தம் வங்கிப் படிவத்தில் எதையும் கவனியாது விட்டால் பெரும்பாலும் இரண்டாவது முறை தானாகவே அமையும். நடுவழியில் 15 டாலர் போனது எனக் கொண்டால் 20 டாலர் கூடைக்கு எஞ்சுவது 5 டாலர்.

அதன்மேல் வரி. அந்நியச் செலாவணியை மாற்றித் தரும் வங்கிச் சேவைக்கு ஜி.எஸ்.டி. உண்டு. ஒரு லட்சம் ரூபாய் வரையுள்ள தொகைக்குச் சேவையின் மதிப்பு தொகையில் 1 விழுக்காடு. ஆனால் 250 ரூபாய்க்குக் குறையாது. அதன்மேல் 18 விழுக்காடு வரி, ஆகவே குறைந்தது 45 ரூபாய். 25,000 ரூபாய் வந்தாலும் 45. 500 ரூபாய் வந்தாலும் 45.

இவ்வளவும் கேட்டபின், வங்கி வழியை அடியோடு விட்டுவிடலாமா என்று தோன்றும். அதுவும் சரியன்று. வங்கியின் நிலைக்கூலி பெரிது. ஆனால் அதன் வட்டம் பெரும்பாலும் சிறிது. வழிக்கூலி 15 டாலர், வட்டம் 1 விழுக்காடு, வரி 45 ரூபாய் என்று வைத்து இரு வழிகளையும் ஒப்பிட்டால், 200 டாலருக்குப் பேபால் வழியில் ஏறத்தாழ 15,740 ரூபாயும் வங்கி வழியில் 15,523 ரூபாயும் வருகின்றன. 300 டாலருக்கோ பேபாலில் 23,622, வங்கியில் 23,938. எனவே இக்கணக்கின்படி 250 டாலரை ஒட்டி எங்கோ தராசு மறுபக்கம் சாய்கிறது. உள்ளூர்க் கிளை தன் பங்குக்குத் தனிக் கட்டணம் கேட்டால் அப்புள்ளி இன்னும் மேலே போகும். கிளையில் முன்கூட்டியே கேட்டு இக்கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்துவிடலாம்.

இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழியொன்று வளர்ந்துள்ளது. பேயோனியர் முதலிய சேவைகள் விற்பவரின் பெயரில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பணம் பெறுவதற்கான கணக்கு எண்ணைத் தருகின்றன. வாங்குபவர் தம் நாட்டுக்குள்ளேயே உள்ளூர் மாற்றம் செய்வது போலச் செலுத்துகிறார். கடலைக் கடக்கும் வேலையைச் சேவை நிறுவனம் பலருடைய தொகைகளைச் சேர்த்து ஒன்றாகச் செய்கிறது. பழைய உண்டியல்காரர் செய்ததும் ஏறத்தாழ இதுவே. மாதந்தோறும் வாங்கும் வெளிநாட்டுக் கடைக்காரர் ஒருவர் அமைந்தால் இது பொருத்தமான வழி. ஒரே ஒரு கூடை வாங்கிப் போகும் அறிமுகமற்றவர்க்கு அட்டையால் செலுத்தும் வழியே எளிது. அவரிடம் வங்கி எண்ணைக் கொடுத்தால் பாதிப்பேர் வாங்காமலே போய்விடுவர்.

இவ்விடத்தில் குடும்பங்களில் அடிக்கடி எழும் ஒரு யோசனையைப் பேசியாகவேண்டும். மருமகன் சிங்கப்பூரில் இருக்கிறார். தம்பி துபாயில் இருக்கிறான். வாங்குபவர் அவர் கணக்கில் செலுத்தட்டும், அவர் சேர்த்துவைத்து ஊருக்கு அனுப்பட்டும் என்பது அந்த யோசனை. கூலி மிச்சமாகும் என்பது மெய்தான். சிங்கப்பூரின் பேநௌ அமைப்பும் இந்தியாவின் யு.பி.ஐ.யும் 2023 பிப்ரவரி 21-இல் இணைக்கப்பட்டபின் அங்கிருந்து சில நொடிகளில் பணம் வந்துவிடுகிறது. ஆனால் அவ்வழி தனிநபர் தனிநபர்க்கு அனுப்பும் பணத்துக்காக அமைந்தது. சங்கரன்கோவிலிலோ கோவில்பட்டியிலோ வெஸ்டர்ன் யூனியன் பலகை தொங்கும் கடையில் பணம் பெறுவதும் அவ்வகையே. அத்திட்டத்தின் விதி குடும்பப் பராமரிப்பு போன்ற தனிநபர்ப் பணத்தை மட்டும் ஏற்கிறது, வாணிகப் பணத்தை ஏற்பதில்லை. ஒரு தடவைக்கு 2,500 டாலர், ஆண்டுக்கு 30 தடவை என்ற வரம்பும் அதற்கு உண்டு.

விதிமீறல் ஒருபுறம் இருக்க, நடைமுறையில் நேர்வது என்ன? பொதி சுங்கத்தில் விற்பனைப் பொருளாகப் பதிவாகிறது. பணமோ உறவினர் அன்பளிப்பாகப் பதிவாகிறது. இரண்டும் ஒருபோதும் ஒட்டா. ஏற்றுமதி நிலுவையில் நிற்கிறது. மருமகனின் கணக்கில் மாதந்தோறும் அறியாதவர்கள் பணம் போடுகின்றனர். அந்நாட்டு வங்கி கேட்டால் அவர் விளக்கவேண்டும். நாளை இப்பெண் தொழிலை விரிவாக்கக் கடன் கேட்டுப் போனால், வெளிநாட்டு விற்பனை இவ்வளவு என்று காட்ட அவரிடம் ஒரு தாளும் இராது. 148 ரூபாயை மிச்சப்படுத்தி, ஐந்தாண்டு விற்பனையின் சான்றை இழப்பது அது.

உறவினரே வாங்குபவராயின் நிலை வேறு. அவர்க்கு இந்திய வங்கியில் என்.ஆர்.இ. கணக்கு இருந்தால், அதிலிருந்து ரூபாயிலேயே விலையைச் செலுத்தலாம். ஏற்றுமதி விலையைப் பெறும் ஏற்கத்தக்க வழிகளுள் அதுவும் ஒன்றென ரிசர்வ் வங்கியின் நெறிமுறை கூறுகிறது. வட்டமும் இல்லை, வழிக்கூலியும் இல்லை. விற்பவர் தம் கிளைக்கு விலைச்சீட்டைக் காட்டி முன்பே தெரிவித்துவிடவேண்டும். என்.ஆர்.ஓ. கணக்கை இதனோடு குழப்பிக்கொள்ளலாகாது. அவர் வாங்கும் கூடை சென்னையில் இருக்கும் அவர் தாய்க்குப் போவதாயின் அது ஏற்றுமதியே அன்று. சாதாரண உள்நாட்டு விற்பனை.

சான்றுகள் என்றதும் பலர் அஞ்சுகின்றனர். அஞ்சவேண்டியது அதிகமில்லை. பொருளை விற்பனைக்காக வெளிநாடு அனுப்ப ஐ.இ.சி. என்னும் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடு வேண்டும். இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 500 ரூபாய், பான் எண்ணே குறியீடாக அமைகிறது. ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரத்தை உறுதிசெய்யவேண்டும். மாற்றம் இல்லையென்றாலும் 'மாற்றமில்லை' என்று உறுதிசெய்தாகவேண்டும். மறந்தால் குறியீடு முடங்கும். அஞ்சல்வழி ஏற்றுமதிக்கு 2022 டிசம்பர் முதல் மின்வழிப் படிவம் வந்துவிட்டது. அஞ்சல் ஏற்றுமதி மையங்களான டாக் கர் நிர்யாத் கேந்திரங்களின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே படிவத்தை நிரப்பிப் பொதியை அஞ்சலகத்தில் ஒப்படைத்தால், சுங்கச் சோதனைக்காகச் சென்னை வரை போகவேண்டியதில்லை.

பணம் வரும்போது காரணக் குறியீடு சரியாக இருக்கவேண்டும். பொருளை அனுப்பும் முன்னரே விலை வந்துவிடும் கைவினை வாணிகத்துக்குரியது, ஏற்றுமதி ஒப்பந்தத்தின் மேல் முன்பணம் என்னும் பி0103. பின்னர் பணம் வந்ததற்கான வங்கி அறிவிப்பைக் கேட்டுப் பெற்று, அஞ்சல் படிவத்தோடும் விலைச்சீட்டோடும் ஒரே உறையில் வைக்கவேண்டும். இந்த அறிவிப்பைச் சில சேவைகள் மாதந்தோறும் தாமே தருகின்றன. சில கட்டணம் கேட்கின்றன. கூலியை ஒப்பிடும்போது இக்கட்டணத்தையும் சேர்த்தே ஒப்பிடவேண்டும். நிலுவைக் கணக்குகளை முடிப்பதில் சிறு ஏற்றுமதியாளர் பட்ட தொல்லையை 2025 அக்டோபரில் ரிசர்வ் வங்கி குறைத்தது. 10 லட்சம் ரூபாய் வரையுள்ள பதிவுகளை ஏற்றுமதியாளரின் உறுதிமொழியைக் கொண்டே வங்கிகள் முடித்துக்கொள்ளலாம் என அறிவித்தது. கிளை அலுவலர் இதை அறியாதிருந்தால் பணிவோடு நினைவூட்டலாம்.

திருவேங்கடத்துக்குத் தெற்கே அதிகத் தொலைவில் இல்லாத கழுகுமலையில், 8, 9-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழே வட்டெழுத்தில் சிறு குறிப்புகள் உள்ளன. செய்வித்தவர் யார், எவ்வூரார், யார் பொருட்டுச் செய்வித்தார் என்பவற்றை அவை சொல்கின்றன. அவருள் தச்சரும் குயவரும் கொல்லரும் உண்டு. பெயர், ஊர், காரணம் என்ற இம்மூன்றைத்தான் இன்றைய வங்கியும் ஒவ்வொரு சிறுதொகைக்கும் கேட்கிறது. கல்லில் வெட்டியவர்க்கு இருந்த பொறுமையில் கால்வாசி இருந்தால் படிவத்தை நிரப்பிவிடலாம்.

விற்ற பொருள் திரும்பினால் என்ன ஆகும் என்பதையும் முன்பே எண்ணவேண்டும். 2025 ஆகஸ்ட் 29 முதல் அமெரிக்கா, 800 டாலர் வரையுள்ள பொதிகளுக்கு அளித்துவந்த தீர்வைச் சலுகையை நீக்கியது. அதையொட்டி இந்திய அஞ்சல் துறை அமெரிக்காவுக்கான பொதிகளை ஏற்பதை நிறுத்தியது; அக்டோபர் 15-இல் மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட ஏழு வாரங்களில் அனுப்ப இயலாத பொருளுக்குரிய பணத்தைத் திருப்பித் தரும்படி வாங்குபவர் கேட்டால் கொடுக்கவேண்டியதே முறை. ஆனால் பணம் வந்தபோது பிடித்த கூலி, பணத்தைத் திருப்பும்போது பொதுவாகத் திரும்புவதில்லை. விற்காத கூடைக்குக் கூலி கொடுத்த கதை அது. மேலும், பேபாலில் வாங்கியவர் 180 நாள் வரை முறையீடு செய்யலாம். பொதி சேர்ந்ததற்கான தடம்காணும் எண் இல்லையேல் அம்முறையீட்டில் விற்பவர் வெல்வது அரிது. தடம்காணும் வசதியற்ற மலிவு அஞ்சலைத் தேர்ந்து நூறு ரூபாய் மிச்சப்படுத்துவதை இந்த 180 நாளோடு வைத்து எண்ணிப் பார்க்கவேண்டும். சுங்கத் தீர்வையைக் குறைக்க விலையைக் குறைத்து எழுதும்படி வாங்குபவர் கேட்பதும் உண்டு. படிவத்தில் 5 டாலரும் வங்கியில் 20 டாலரும் இருந்தால் விளக்கவேண்டியவர் விற்பவரே. பொதி தொலைந்தாலும் படிவத்தில் எழுதிய விலைக்கு மேல் ஈடு கேட்க இயலாது.

கூலியைக் குறைக்கும் மிகப் பெரிய வழி சேவையை மாற்றுவதில் இல்லை, தொகையைப் பெரிதாக்குவதில் உள்ளது. 5 டாலர் கிலுகிலுப்பையைத் தனியே விற்காது நான்கைச் சேர்த்து ஒரு பெட்டியாக விற்கலாம். ஒரே வெளிநாட்டுக் கடைக்கு மாதம் ஒருமுறை விலைச்சீட்டு அனுப்பலாம். தனியொருவரால் 300 டாலர் சரக்குச் சேர்க்க இயலாதாயின், மகளிர் சுய உதவிக் குழு தன் பெயரில் பான் எண்ணும் நடப்புக் கணக்கும் ஐ.இ.சி.யும் பெற்றுப் பலர் கைப்பொருளை ஒன்றாக விற்கலாம்.

அப்போது ஒரு பூசல் எழும்; முன்பே தீர்த்துவைப்பது நல்லது. மூவர் சேர்ந்து 300 டாலர் சரக்கு அனுப்புகின்றனர் எனக் கொள்க. ஒருவர் பொருள் 150 டாலர், மற்றவர் 100, மூன்றாமவர் 50. வங்கி வழியே வந்தது மேற்கண்ட 23,938 ரூபாய், கரைந்தது 1,562. கூலியை மூன்றாகச் சமமாகப் பிரித்தால் தலைக்கு 521 ரூபாய். பார்வைக்கு நியாயம் போலத் தோன்றும். ஆனால் 50 டாலர் பொருள் தந்தவர் 4,250 ரூபாயில் 521-ஐ இழந்து 3,729 பெறுவார். பொருளின் மதிப்புக்கேற்பப் பிரித்தால் அவர் ஏற்பது 260 மட்டுமே, பெறுவது 3,990. மற்ற இருவரும் முறையே 11,969, 7,979 பெறுவர். குழுவின் பேரேட்டில் பொருளின் விலை, அஞ்சற்செலவு, வழிக்கூலி, வட்டம், கைக்கு வந்தது என ஐந்து பத்திகள் போட்டு, ஒவ்வொருவர் பங்கையும் அதே நாளில் எழுதிக் கையொப்பம் பெற்றுவிடவேண்டும்.